ஸ்பிரிங் சூட் வாங்கும் முன்: சேலத்துப் பெண்களுக்கு ஓர் அளவுக் கையேடு

சேலத்துக்கு மிகப் பக்கத்தில் அலைச்சறுக்கு நடக்கும் கடற்கரை புதுச்சேரி, ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மாமல்லபுரம், கோவளம் என்றால் இன்னும் நூறு கிலோமீட்டர் கூடும். குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட்டைப் போட்டுப் பார்த்து வாங்கும் வசதி கடற்கரை ஊர்களிலேயே குறைவு என்பதால், சேலத்தில் இருப்பவர் பெரும்பாலும் படத்தையும் அளவுப் பட்டியலையும் மட்டும் பார்த்துப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. வந்து சேர்ந்த சூட் தோளை இழுக்கிறது, முதுகில் தண்ணீர் தேங்குகிறது, தொடை உரிகிறது என்று வரும் குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான்: உயரமும் மார்பளவும் எடுத்தவர்கள், தோளிலிருந்து கவட்டை வரையுள்ள நீளத்தை அளக்கவில்லை. இந்தக் கையேட்டில் அந்த அளவுக்குத்தான் அதிக இடம்.

முதலில், தேவையா என்ற கேள்வி

ஸ்பிரிங் சூட் என்பது கை, கால் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ குட்டையாக உள்ள மெல்லிய வெட்சூட். தடிமன் பெரும்பாலும் 1.5 அல்லது 2 மி.மீ. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் நுரையால் ஆனது. நுரைக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள்தான் உடல் வெப்பத்தை வெளியே போகாமல் தடுக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹ்யூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் கண்டுகொண்டது இதைத்தான்: உடல் நனைந்தால் பாதகமில்லை, குமிழிகள் காத்துக்கொள்ளும். எனவே சூட்டுக்குள் தண்ணீர் நுழைவது குறை அல்ல. நுழைந்த தண்ணீர் நிற்காமல் ஓடி, ஒவ்வொரு அலைக்கும் புதுத் தண்ணீர் உள்ளே வருவதுதான் குறை. உடம்போடு ஒட்டாத சூட் எத்தனை தடிமனாக இருந்தாலும் குளிரும்.

ஸ்பிரிங் என்ற பெயரை நம்பி வாங்காதீர்கள். சேலத்தில் மார்ச் பிறந்தால் வெயில் ஏறிவிடுகிறது, கடல் அப்படியல்ல. நீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். கரையில் வசந்தம் வந்த பிறகும் கடலுக்குள் குளிர்காலம் மிச்சமிருக்கும். தெற்குக் கலிபோர்னியாவில் ஏப்ரல் மாத நீர் 15, 16 டிகிரி அளவில்தான் இருக்கும். சிட்னியில் கடல் மிகவும் குளிர்ந்திருப்பது ஆகஸ்டிலும், அங்கே வசந்தம் தொடங்கும் செப்டம்பரிலும். அப்போது 18 டிகிரி அளவு. ஆகவே ஊரின் பருவத்தைப் பார்க்காமல், போகப்போகும் வாரத்தின் கடல்நீர் வெப்பநிலையைப் பாருங்கள்.

24 டிகிரிக்கு மேல் என்றால் லைக்ரா மேலாடை போதும், வெட்சூட் வேண்டாம். 21 முதல் 24 வரை 1.5 அல்லது 2 மி.மீ. ஸ்பிரிங் சூட், கை குட்டையோ நீளமோ உங்கள் விருப்பம். 18 முதல் 21 வரை நீளக்கை வைத்த 2 மி.மீ. சூட் எடுங்கள். சீக்கிரம் குளிர் தாக்கும் உடல்வாகு என்றால் கையில்லாமல் கால் மட்டும் முழுநீளமாக உள்ள லாங் ஜேன் வகைக்குள் ஒரு லைக்ரா போட்டுக்கொள்ளலாம். 18-க்குக் கீழே போனால் ஸ்பிரிங் சூட்டை மறந்துவிட்டு 3/2 முழு சூட்டுக்குப் போங்கள். அந்த எண்ணில் முதலாவது உடம்புப் பகுதியின் தடிமன், இரண்டாவது கை கால்களின் தடிமன், மில்லிமீட்டரில். காற்று பலமாக வீசும் இடமென்றால் ஒரு படி தடிமனாக எடுக்கலாம். அலைக்காகக் காத்துப் போர்டின்மேல் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் சறுக்கும் நேரத்தைவிட அதிகம், அப்போது நனைந்த துணியைக் காற்று குளிரவைக்கும்.

நம் கிழக்குக் கடலில் நீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரிக்குள் நிற்கிறது. புதுச்சேரிக்கும் கோவளத்துக்கும் மட்டும் போய்வருகிறவருக்கு 2 மி.மீ. சூட் வீண் செலவு மட்டுமல்ல, மே மாதத்தில் ஆபத்தும்கூட. உடலின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தலைசுற்றலும் வாந்தியும் வரலாம். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் காற்றோடு இரண்டு மணி நேரம் கடலில் இருக்கிறவர்கள், அதிலும் ஒல்லியானவர்கள், நடுங்குவது உண்மைதான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 26 டிகிரி நீரும் உடலுக்குக் குளிர்நீரே. அவர்களுக்கு 1 மி.மீ. நியோப்ரீன் மேலாடை போதும். போர்டில் பூசிய மெழுகு வயிற்றைத் தேய்ப்பதையும், வெயிலையும், ஜெல்லி மீன் கொட்டுவதையும் அதுவே பெருமளவு தடுத்துவிடும்.

ஸ்பிரிங் சூட் உண்மையில் தேவைப்படுவது படிப்புக்கோ வேலைக்கோ சிட்னி, தென்னாப்பிரிக்காவின் டர்பன், தெற்குக் கலிபோர்னியா போன்ற இடங்களுக்குப் போய் அங்கே அலைச்சறுக்கப் போகும் பெண்களுக்கு. போர்ச்சுகலின் மேற்குக் கரைக்குப் போகிறவர் இதை வாங்க வேண்டாம். அங்கே கோடையிலும் நீர் 20 டிகிரியைத் தாண்டுவது அரிது. இலங்கை, பாலி பயணத்துக்கும் வேண்டாம், லைக்ரா போதும்.

அளவு எடுப்பது

தையல்காரர் பயன்படுத்தும் சாதாரண டேப் போதும். ஆனால் தனியாக எடுக்க முடியாது. அம்மாவோ அக்காவோ தோழியோ கூட இருக்க வேண்டும். உள்ளே போடப்போகும் நீச்சல் உடையையோ ஸ்போர்ட்ஸ் பிராவையோ மட்டும் போட்டுக்கொண்டு, வெறுங்காலில் நிமிர்ந்து நில்லுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வயிறும் மார்பும் சற்று உப்பியிருக்கும். அப்போது எடுத்த அளவில் வாங்கினால் மற்ற நாட்களில் தொளதொளக்கும்.

குர்தியில் போட்டிருக்கும் எண்ணை இங்கே கொண்டுவராதீர்கள். குர்தியில் 38 என்றால் பெரும்பாலும் அது துணியின் சுற்றளவு; அணிகிறவரின் மார்பு 36 ஆக இருக்கும். வெட்சூட் பட்டியலில் இருப்பதோ உடம்பின் அளவு. மார்பு, இடுப்பு, சீட் மூன்றையும் டேப் தோலைத் தொட்டபடி, ஆனால் அழுத்தாமல், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் எடுங்கள். வயிற்றை உள்ளிழுத்து எடுத்தால் பிறகு அந்த சூட்டைப் போட்டுக்கொண்டு மூச்சுவிட முடியாது. சென்டிமீட்டரில் எழுதி வையுங்கள். அங்குலத்திலிருந்து மாற்றும்போது ஒன்றிரண்டு எண் தவறுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது முக்கியமானது: தோள்–கவட்டைச் சுற்று. கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் ஒரு புள்ளியில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து முன்பக்கமாக மார்பின்மேல் இறக்கி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், பின்பக்கம் முதுகு வழியாக ஏற்றி அதே புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். டேப் நழுவாமல் ஒருவர் பின்னாலிருந்து பார்த்துக்கொள்ளட்டும். சாதாரண 60 அங்குல டேப் சிலருக்கு எட்டாது. அப்போது ஒரு நாடாவைச் சுற்றிக் குறித்து, பிறகு தரையில் விரித்து அளங்கள். இரண்டு தோளிலும் எடுத்து, பெரியதை எழுதுங்கள்.

இது ஏன் முக்கியம்? முழு சூட்டில் கால் நீளம் கணக்கில் வருவதால் உயரம் ஓரளவு வழிகாட்டும். ஸ்பிரிங் சூட்டுக்குக் கால் இல்லை அல்லது பாதிதான் இருக்கிறது. 5 அடி 2 அங்குல உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடம்பு நீளமாகவும் இருக்கலாம். பட்டியல் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். உடம்பு நீளமானவருக்கு அந்த சூட் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குட்டையாக இருந்தாலே போதும், நிற்கும்போது ஒன்றும் தெரியாது. போர்டில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீர் தள்ளும்போது ஒவ்வொரு வீச்சிலும் தோள் ரப்பரை எதிர்த்து இழுக்க வேண்டும். இருபது நிமிடத்தில் கை கனத்துவிடும். பலர் தங்களுக்குத் தெம்பு போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாறாக நீளம் அதிகமானால் இடுப்புக்கு மேலே முதுகில் மடிப்பு விழும். அந்த மடிப்பு ஒவ்வொரு முறை எழும்போதும் பம்பு போல நீரை உறிஞ்சித் தள்ளும்.

தோள்–கவட்டைச் சுற்றைப் பட்டியலில் போடாத நிறுவனங்கள் உண்டு. அவர்களிடம் எழுதிக் கேளுங்கள். அல்லது எண்ணோடு எஸ், டி என்ற எழுத்துகள் சேர்ந்த அளவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 8எஸ் என்றால் 8-இன் சுற்றளவு, குட்டையான நீளம். 8டி என்றால் அதே சுற்றளவு, அதிக நீளம். சீட் அளவு 8 என்றும் உயரம் 6 என்றும் காட்டினால், 6 எடுப்பதைவிட 8எஸ் எடுப்பது நல்லது. எழுத்து வகை இல்லையென்றால் தோள்–கவட்டைச் சுற்றுக்கும் மார்புக்கும் பொருந்தும் எண்ணை எடுங்கள். இடுப்பு சற்றுத் தளர்வாக இருப்பதை இந்த வெப்பநிலையில் பொறுத்துக்கொள்ளலாம், தோள் இழுப்பதைப் பொறுக்க முடியாது. நாட்டுக்கு நாடு எண்ணும் மாறும்: ஆஸ்திரேலியாவின் 10 ஏறக்குறைய அமெரிக்காவின் 6. பட்டியலின் தலைப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்களே திருப்பி அனுப்புகிறவர்களில் அதிகம்.

எந்த வெட்டு, எந்த ஜிப், எந்தத் தையல்

காலைப் பொறுத்து இரண்டு வகை. நீச்சல் உடைபோல் இடுப்பு எலும்பு வரை வெட்டியது ஒன்று, தொடைப் பாதி வரை வருவது மற்றொன்று. போர்டின் இருபக்கமும் கால் போட்டு உட்காரும்போது தொடையின் உட்புறம் மெழுகில் உராய்வதால் தொடைப் பாதி வகையே கற்றுக்கொள்கிறவருக்கு ஏற்றது. முதல் வகையை எடுப்பவரும், தொடை தெரிவதை விரும்பாதவரும், உள்ளே நீச்சலுக்கான லைக்ரா லெக்கிங்ஸ் போட்டுக்கொள்ளலாம். பருத்தி லெக்கிங்ஸ் கூடாது. நீரைக் குடித்துக் கனத்து இறங்கும், ஈரத்தில் தோலை உரிக்கும்.

பின் ஜிப் போடுவதற்கு எளிது, விலையும் குறைவு. ஆனால் அலை முதுகில் விழும்போது அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். பின்னல் அல்லது தளர்ந்த முடி ஜிப்பின் மேலுள்ள வெல்க்ரோவில் சிக்கிப் பிய்யும். முடியை உச்சியில் கொண்டையாகக் கட்டிக்கொண்டு ஜிப் போடுங்கள். முன் ஜிப் பார்க்க அழகு, கழற்றவும் வசதி. ஆனால் மணிக்கணக்கில் குப்புறப் படுத்திருக்கும் விளையாட்டில் அந்தப் பல் வரிசை நேராக மார்பெலும்பில் அழுந்தும். ஜிப்புக்குப் பின்னால் அகலமான மெத்தைப் பட்டை இல்லாத முன் ஜிப்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மார்புக்கு மேலே குறுக்காக வரும் ஜிப் இரண்டுக்கும் நடுவில்: தண்ணீர் குறைவாக நுழையும், போட்டுக் கழற்றப் பழக்கம் வேண்டும்.

தையலில் ஓவர்லாக் உள்ளதை விட்டுவிடுங்கள். உட்பக்கம் வரம்புபோல் மேடு கட்டி அக்குளை அறுக்கும். ஃப்ளாட்லாக் தட்டையானது, நன்றாக நீளும்; ஊசித்துளை இருபுறமும் ஊடுருவுவதால் கொஞ்சம் நீர் கசியும். 20 டிகிரிக்கு மேல் அது போதும். பசை போட்டு, ஊசி மறுபக்கம் வராமல் தைத்த வகைக்கு விலை அதிகம். 18, 19 டிகிரிக்குப் போகிறவர் மட்டும் அதற்குச் செலவழிக்கலாம். எந்தத் தையலானாலும் அக்குளின் நடுவில் நான்கு தையல்கள் கூடும் சூட் வேண்டாம். அங்கே தனித் துண்டு ஒன்று வைத்துத் தையலை விலக்கியிருக்க வேண்டும்.

மார்புப் பகுதியில் துணி ஒட்டாத வழவழப்பான ரப்பர் வைத்த சூட்டுகள் காற்றை நன்றாகத் தடுக்கும். ஆனால் நகம் பட்டால் கிழியும், கடும் வெயிலில் காய்ந்து வெடிக்கும். காற்றுள்ள குளிர்ந்த கரைக்கு அது. மற்ற இடங்களுக்கு இருபுறமும் துணி ஒட்டியதே உழைக்கும். நியோப்ரீன் இல்லாத வகை வேண்டும் என்றால் இயற்கை ரப்பரான யூலெக்ஸ் இருக்கிறது. பட்டகோனியா நிறுவனம் 2016 முதல் தன் முழு சூட்டுகளில் அதைக் கொண்டுவந்தது. விலை கூடுதல், எண்ணெய் பட்டால் சீக்கிரம் கெடும்.

வந்ததும் வீட்டில் சோதிப்பது

சேலத்து வெயிலில் மதியம் இரண்டு மணிக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். வியர்த்த தோலில் நியோப்ரீன் ஏறாது. பலமாக இழுத்தால் தையல் விடும். அதிகாலையில், மின்விசிறிக்குக் கீழே, தோலும் சூட்டும் உலர்ந்திருக்கும்போது போடுங்கள். பதினைந்து நிமிடத்துக்குமேல் வேண்டாம். நனைத்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பதால், நீரில் இறங்கிச் சோதிக்கும் எண்ணமும் வேண்டாம்.

மெட்டி, கொலுசு, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். மெட்டியின் விளிம்பு உள்துணியைக் கீறிவிடும். கழற்ற விரும்பாதவர் காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் மெட்டியும் படாது, காலும் வழுக்கிக்கொண்டு போகும். தாலிச் சங்கிலியை உள்ளே போட்டுக்கொண்டு போர்டில் படுத்தால் மார்பெலும்பில் தடம் பதியும், வெளியே விட்டால் போர்டின் கயிற்றில் மாட்டும். மெல்லிய மஞ்சள் கயிறாக மாற்றிக்கொண்டு லைக்ராவுக்குள் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொள்வது ஒரு வழி. உள்ளே கொக்கி, கம்பி, முடிச்சு இல்லாத உடையாக இருக்கட்டும். மாதவிடாய் நாளில் நாப்கின் பயன்படாது. கப் அல்லது டாம்பான் மட்டுமே.

நகத்தால் பிடிக்காமல் விரல் நுனிச் சதையால் கிள்ளி, முழங்காலுக்கு மேல், தொடை, இடுப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கவட்டையில் இடைவெளியே இல்லாமல் ஏறிய பிறகுதான் கையை நுழைக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் சரியான அளவு சூட்கூடத் தோளை இழுக்கும், அளவு தவறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

போட்டதும் சற்று இறுக்கமாகத்தான் தெரியும். நீரில் கொஞ்சம் தளரும். உலர்ந்த நிலையில் வசதியாக இருந்தால் நீரில் பெரிதாகிவிடும் என்று பொருள். கையை உயர்த்துங்கள், கவட்டை மேலே இழுக்கிறதா? குந்தி உட்காருங்கள், கழுத்து பின்னால் இழுக்கிறதா? கழுத்துப் பட்டைக்குள் ஒரு விரல் போக வேண்டும், இரண்டு விரல் எளிதாகப் போனால் பெரிது. முதுகின் வளைவில் துணியைக் கிள்ளிப் பாருங்கள். பிடி நிறைய வந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். அக்குளில் மடிப்பு இருக்கக் கூடாது. மார்புப் பகுதி நசுங்காமலும் நடுவில் வெற்றிடம் விடாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்கள் சூட்டைச் சிறிய அளவில் வாங்குகிறவர்களுக்கு இங்கேதான் பொருந்தாமல் போகும்.

பிறகு ஒரு பாயை விரித்துக் குப்புறப் படுத்து, தலையும் மார்பும் தூக்கி, அலைக்குப் போவதுபோல் மாறிமாறி ஐம்பது முறை கைவீசுங்கள். முப்பதாவது வீச்சில் தோள் எரிந்தால் உடம்பு நீளம் போதவில்லை. அதே நிலையிலிருந்து ஐந்து முறை துள்ளி எழுந்து நில்லுங்கள். கால் விளிம்பு ஒவ்வொரு முறையும் மேலே சுருண்டால் கடலில் அந்த இடம் சிவந்து உரியும். கால் நீளம் மட்டும் அதிகமாக இருந்தால் கூர்மையான கத்திரியால் நறுக்கிவிடலாம், நியோப்ரீன் பிரியாது. ஆனால் பக்கவாட்டில் பிடித்துத் தர உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுக்க வேண்டாம். சாதாரண நூல் நீளாது, முதல் துள்ளலிலேயே அறுந்து ஊசித்துளை வழியே கிழிந்துவிடும்.

கழுவுவது, காயவைப்பது

கடற்கரையிலிருந்து வீடு வர நான்கைந்து மணி நேரம் ஆகும். அதுவரை உப்போடு மூடிய பையில், வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் கிடந்தால் நாற்றம் பிடிக்கும், பசையும் தளரும். கரையிலேயே நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, மூடி இல்லாத பக்கெட்டில் போட்டு எடுத்து வாருங்கள். வீட்டில் மறுபடி அலசும்போது கடைசித் தண்ணீராவது காவேரித் தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீரின் உப்பு காய்ந்ததும் ஜிப்பில் வெள்ளையாகப் படியும். சோப்புத் தூள், சலவை இயந்திரம், வெந்நீர் மூன்றும் வேண்டாம். மென்மையான ஷாம்பு சில துளிகள் போதும். ஜிப் இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேய்த்து விடுங்கள்.

மொட்டை மாடி வெயில் நியோப்ரீனுக்கு எமன். நிழலில், உட்பக்கம் வெளியே தெரியும்படி, இடுப்பில் மடித்துக் கொடியில் போடுங்கள். தோளில் ஹேங்கர் மாட்டினால் நனைந்த எடை தோளை நீட்டிவிடும், கவனமாக அளந்து வாங்கிய நீளம் வீணாகும். ஏற்காட்டில் இருப்பவருக்கு வெயில் பிரச்சினையில்லை, ஈரம்தான். மழை மாதங்களில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே நிற்கும்போது சூட் மூன்று நாளானாலும் காயாது, அக்குளிலும் கழுத்திலும் கரும்பூசணப் புள்ளிகள் வரும். மின்விசிறிக்கு எதிரே போட்டு இருபுறமும் உலர்த்தி, மடிக்காமல் அகலமான அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை வைத்து மூடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள்.

நகம் பட்டுப் பிறைபோல் கிழிந்த இடத்தைத் தைக்கத் தேவையில்லை. நன்றாக உலர்ந்த பிறகு கிழிசலின் இரு முகத்திலும் நியோப்ரீன் பசையை மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் வரை பத்து நிமிடம் விட்டு, இன்னொரு பூச்சு தடவி, மறுபடி காத்திருந்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து அழுத்துங்கள். ஒரு முழு நாள் கழித்தே நீரில் இறக்க வேண்டும்.